மாநாட்டுக்குப் போஸ்டர் கொண்டு போற பிள்ளையளுக்கு

யாழ்ப்பாணத்தில இருந்து இணைய அறிவியல் (இணையத்தையும் அதில ஆக்கள் பழகிறதையும் ஆராயிற துறை) மாநாடுகளுக்கு ஆய்வுப் போஸ்டரோட போற தம்பி, தங்கச்சியள், முதல்ல மாநாட்டுக்காரர் கேட்ட போஸ்டர் அளவைப் பாருங்கோ. ஏ0 எண்டால் 841 × 1189 மில்லிமீற்றர். நிலைக்குத்தா, கிடையா எண்டதையும் கவனியுங்கோ.

பெரிய சிக்கல் தமிழ் எழுத்துதான். நீங்கள் ஆய்வுக்கெண்டு சமூக வலைத்தளங்களில சேகரிச்ச பதிவுகள் யூனிகோட் எண்ட பொது எழுத்துக் குறியீட்டில இருக்கும். அச்சடிக்கிற இடத்துக் கணினியில அந்த எழுத்துரு இல்லாட்டில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாப் பிரிஞ்சு வரும், சிலவேளை வெறும் பெட்டிதான் வரும். எழுத்துருவை உள்ளடக்கின பீடிஎஃப் ஆக் குடுங்கோ. பெரிசா அடிக்க முதல் ஏ4 தாளில ஒருக்கா எடுத்து, ஒவ்வொரு தமிழ் வரியையும் வாசியுங்கோ.

ஆயிரக்கணக்கான பாவனையாளர் கணக்குகளைக் கோடு போட்டு இணைச்ச வலையமைப்புப் படத்தை முழுசாப் போடாதேங்கோ, சிக்குப்பட்ட நூல்பந்து மாதிரித்தான் தெரியும். ஒரு குழுவை மட்டும் பெருப்பிச்சு, ஆர் ஆருக்குப் பதில் போடுகினம் எண்டு அம்புக்குறியால காட்டுங்கோ. பாக்க வாறவை விரலை வைச்சுக் கேள்வி கேக்கிற இடம் அதுதான்.

பதிவுகளின்ர ஸ்கிரீன்ஷொட் போட்டால் எழுதின ஆளின்ர பேரையும் படத்தையும் மறையுங்கோ. வசனத்தை அப்படியே போட்டாலும் தேடுபொறியில ஆளைக் கண்டுபிடிக்கலாம். அதால கருத்தை மட்டும் உங்கட சொல்லில எழுதுங்கோ. இது எனக்கு மிச்ச எல்லாத்தையும் விட முக்கியம்.

ஆரும் கிட்ட வந்தால் தலைப்பை வாசிச்சுக் காட்டத் தேவையில்லை. என்ன கேள்வி, என்ன கண்டனீங்கள் எண்டதை ஒரு நிமிசத்துக்குள்ள சொல்லி நிப்பாட்டுங்கோ. மிச்சத்தை அவையே கேப்பினம்.

கொழும்புக்குப் பஸ்ஸில போறதெண்டால் போஸ்டரை உருட்டிக் குழாய்க்குள்ள வைச்சு, கையோடயே வைச்சிருங்கோ.