சின்ன எல்இடி டார்ச் எரியாமல் போனால்: செல், பின்மூடி, வளையம்

ஏற்காட்டில் மாலை மூடுபனி இறங்கிய பிறகு காபித் தோட்டத்து வழியில் நடப்பவர்களுக்கும், சேலத்தில் கரண்ட் போன சந்தில் வண்டிச் சாவியைத் தேடுபவர்களுக்கும் விரல் நீள அலுமினிய டார்ச் ஒன்று சட்டைப் பையில் இருந்தால் போதும். அது திடீரென்று எரியாமல் போனாலோ மினுக்கினாலோ பலரும் "எல்இடி போச்சு" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எல்இடி அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. கோளாறு பெரும்பாலும் செல்லில் இருக்கும், இல்லாவிட்டால் பின்மூடிக்குள் இருக்கும் ஒரு சின்ன வளையத்தில் இருக்கும். இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் (விலை குறைந்ததே போதும்), பூச்சில்லாத வெறும் இரும்பு ஜெம் கிளிப், காது பட்ஸ், வினிகர், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பென்சில் அழிரப்பர், ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள டிவைடர், கொஞ்சம் சிலிகான் கிரீஸ். உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் நிக்கல் அல்லது தங்கப் பூச்சை அது சுரண்டிவிடும். ஏற்காட்டு ஈரத்தில், பூச்சு போன இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.

1. எந்த செல் என்று பாருங்கள்

டபுள் ஏ 14.5 மி.மீ. விட்டம், 50.5 மி.மீ. நீளம். டிரிபிள் ஏ 10.5 மி.மீ., 44.5 மி.மீ. இவை தெரிந்தவைதான். குழப்பம் வருவது 14500 என்று எழுதிய லித்தியம் அயான் செல்லில். அது டபுள் ஏ இடத்தில் அப்படியே உட்காரும், ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 10440 இதேபோல டிரிபிள் ஏ இடத்தில் உட்காரும். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சில் இவற்றைப் போட்டால் சில நிமிடம் பிரகாசமாக எரிந்துவிட்டு உள்ளே இருக்கும் சர்க்யூட் கருகலாம். டார்ச்சின் மேலோ அட்டையிலோ 14500 போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

2. செல்லை அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். புது ஆல்கலைன் 1.55-லிருந்து 1.6 வரை காட்டும். 1.3-க்குக் கீழே போயிருந்தால் பாதிக்கு மேல் தீர்ந்தது, 1.1-க்குக் கீழே என்றால் டார்ச்சுக்கு உதவாது. ரீசார்ஜபிள் நிக்கல் செல் ஓய்வில் 1.2 முதல் 1.3 வரை காட்டுவது இயல்பு. அதைப் பார்த்து "இது பழசு" என்று முடிவு கட்டாதீர்கள். லித்தியம் அயான் 3 வோல்ட்டில் காலி. 2.5-க்குக் கீழே விழுந்ததைத் திரும்ப சார்ஜ் போடவே கூடாது.

ஒன்றை மனதில் வையுங்கள். மீட்டர் காட்டுவது சும்மா இருக்கும் செல்லின் வோல்ட்டேஜ். களைத்த ஆல்கலைன் மேசையில் 1.4 காட்டிவிட்டு, டார்ச் கரண்ட் இழுத்ததும் சரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் நன்றாக எரிகிற வேறொரு டார்ச்சில் அந்தச் செல்லைப் போட்டுப் பாருங்கள். செல்லை மேசையில் போட்டுத் துள்ளுகிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. ஆல்கலைன் தீரத் தீர உள்ளே இருக்கும் துத்தநாகம் ஆக்சைடாகி இறுகுவதால்தான் அது துள்ளுகிறது. ஆனால் பாதி தீர்ந்த செல்லும் முழுக்கத் தீர்ந்ததைப் போலவே துள்ளும். ஆகவே துள்ளாத செல் புதுசு என்று நம்பலாம், துள்ளுகிற செல்லைத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

3. உப்புப் பூத்திருந்தால்

பின்மூடியைத் திறந்ததும் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஆல்கலைன் ஒழுகியிருக்கிறது. ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அது காற்றுப் பட்டுக் காய்ந்து வெள்ளையாகிறது. வெறும் கையால் தொடாதீர்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ஸை வினிகரில் நனைத்துத் தடவினால் நுரை கிளம்பும். நுரை அடங்கும் வரை தடவி, ஈரப் பட்ஸால் துடைத்து, கடைசியில் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். விலை குறைந்த துத்தநாக-கார்பன் செல் ஒழுகினால் அது அமிலத் தன்மை உடையது. அதற்கு வினிகர் வேண்டாம், தண்ணீரில் கரைத்த சமையல் சோடா.

செல் குழாய்க்குள் சிக்கிக்கொண்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள், அடுப்பில் காட்டவும் கூடாது. ஆல்கலைன் என்றால் இரண்டு மூன்று சொட்டு வினிகர் விட்டு ஓர் இரவு வைத்து, மரப்பலகையில் மெதுவாகத் தட்டுங்கள். தலைப்பகுதி தனியாகக் கழன்றால் அந்தப் பக்கமிருந்து மரக்குச்சியால் தள்ளலாம். இதெல்லாம் ஆல்கலைனுக்குத்தான். சிக்கியது லித்தியம் அயான் என்றால் குத்தவோ தள்ளவோ வேண்டாம், டார்ச்சோடு போகட்டும்.

4. ஜெம் கிளிப் சோதனை

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

பின்பக்க சுவிட்ச் டார்ச்சில் கரண்ட் போகும் வழி இது: செல்லின் பிளஸ் முனை தலையில் உள்ள சர்க்யூட்டைத் தொடுகிறது. செல்லின் மைனஸ் பின்மூடி ஸ்பிரிங்கைத் தொட்டு, சுவிட்ச் வழியாகப் போய், பின்மூடியிலிருந்து அலுமினியக் குழாய்க்கு ஏறி, குழாய் வழியாகத் தலைக்குத் திரும்புகிறது. டார்ச்சின் உடம்பே ஒரு கம்பியாக வேலை செய்கிறது.

பின்மூடியைக் கழற்றி வையுங்கள். செல் குழாயிலேயே இருக்கட்டும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி ஒரு முனையைச் செல்லின் தட்டையான மைனஸ் பக்கத்திலும் மறுமுனையைக் குழாயின் விளிம்பிலும் வையுங்கள். எரிந்தால் தலை, எல்இடி, சர்க்யூட் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. கோளாறு பின்மூடியில்.

எரியவில்லை என்றால் உடனே தலையைச் சந்தேகிக்க வேண்டாம். கிளிப் எங்கே படுகிறது என்று பாருங்கள். டார்ச்சின் கறுப்பு நிறம் வெறும் பெயின்ட் அல்ல, அது அனோடைஸ் செய்த அலுமினிய ஆக்சைடு. அதில் கரண்ட் பாயாது. குழாயின் வெளிப்புறத்தில் கிளிப்பை எவ்வளவு அழுத்தினாலும் டார்ச் எரியாது. மரை முடியும் இடத்தில், குழாயின் வாயைச் சுற்றி, வெள்ளியாக மின்னும் ஒரு மெல்லிய வட்டம் இருக்கும். பூச்சில்லாத அலுமினியம் அந்த வட்டம் மட்டும்தான், கிளிப் அங்கேதான் பட வேண்டும். அது மங்கி அழுக்கேறியிருந்தால் அழிரப்பரால் தேய்த்து ஆல்கஹாலால் துடைத்தபின் மறுபடி சோதியுங்கள். மினுக்குகிற டார்ச்சுகளில் பலவும் இந்த வட்டத்தைத் துடைத்ததுமே சரியாகிவிடும்.

5. பின்மூடி வளையம்

பின்மூடிக்குள் எட்டிப் பாருங்கள். ஸ்பிரிங்கைச் சுற்றி இரண்டு சின்னத் துளையோ வெட்டோ உள்ள உலோக வளையம் தெரியும். சுவிட்சைப் பிடித்து வைத்திருப்பது மட்டும் அதன் வேலை இல்லை, சுவிட்சிலிருந்து பின்மூடிக்குக் கரண்டைக் கடத்துவதும் அதுதான். பின்மூடியைத் திருகித் திருகித் திறக்கும்போது அது மெல்ல இளகும். தட்டினால் எரிவது, ஆட்டினால் மினுக்குவது, அதிக வெளிச்சத்தில் மட்டும் அணைந்துபோவது எல்லாம் வளையம் இளகியதன் அறிகுறிகள்.

டிவைடரின் இரு முனைகளையும் இரண்டு துளைகளில் பொருத்தி, கடிகார முள் போகும் திசையில் இறுக்குங்கள். கால் சுற்று நகர்ந்தாலே பெரும்பாலும் வேலை முடிந்தது. கொஞ்சமும் நகராமல் முரண்டு பிடித்தால் நிறுத்துங்கள், சில டார்ச்சுகளில் மரை எதிர்த்திசையில் வெட்டியிருக்கும். முனை வழுக்கினால் ஸ்பிரிங் கோணிவிடும், அதனால் இன்னொரு விரலால் டிவைடரை நடுவில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். நோஸ் பிளையரும் உதவும், ஆனால் துளைகளைப் பிய்க்காத டிவைடர்தான் என் தேர்வு.

வளையம் இறுக்கமாகவே இருந்தும் எரியவில்லை என்றால் சுவிட்ச். செல்லை எடுத்துவிட்டு சுவிட்சை இருபது முப்பது தடவை அழுத்துங்கள், உள்ளே படிந்த துரு சில சமயம் தேய்ந்து போகும். அதற்கும் மசியவில்லை என்றால் அதே விட்டத்தில் வேறு சுவிட்ச் வாங்கி மாற்ற வேண்டியதுதான்.

6. ஓ-ரிங்

மரை, அதை ஒட்டி இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் இரண்டையும் துடைத்து, சிலிகான் கிரீஸை விரல் நுனியில் மெல்லிய படலமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏற்காட்டுக் குளிரில் அது உறைந்து மரை சிக்கும், சேலத்து வெயிலில் ஒழுகி செல் பக்கம் வரும். கிரீஸ் மின்னும் வட்டத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடுபனியில் நின்றுகொண்டு செல் மாற்றினால் ஈரக் காற்று உள்ளே அடைபட்டுக் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். வீட்டுக்குள் வந்து மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் தெளிந்துவிடும்.

எந்த செல் போடலாம்

தினமும் கையில் இருக்கும் டார்ச்சுக்கு, சும்மா வைத்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத நிக்கல் ரீசார்ஜபிள் செல்தான். எனலூப் பிராண்டின் வெள்ளை டபுள் ஏ சுமார் 2000 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). அதைவிட அதிக எம்ஏஎச் எழுதியதை வாங்கத் தோன்றும், ஆனால் அதிகக் கொள்ளளவு செல்கள் குறைந்த தடவைகளே சார்ஜ் தாங்கும். 1.2 வோல்ட் போதுமா என்று கேட்பார்கள். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் தேவை, அதனால் ஒற்றைச் செல் டார்ச்சில் வோல்ட்டேஜை ஏற்றும் சர்க்யூட் எப்படியும் இருக்கிறது. 1.2 அதற்குப் போதும். நிக்கல் செல் ஒழுகி டார்ச்சைக் கெடுப்பதும் மிக அரிது.

எப்போதாவது மட்டும் எடுக்கும் அவசர டார்ச்சுக்கு, சார்ஜ் போட முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல். விலை கூடுதல், ஆனால் ஒழுகும் தொல்லை அநேகமாக இல்லை, பல வருடம் தாங்கும். ஆல்கலைனை மாதக்கணக்கில் உள்ளே விட்டு வைப்பதுதான் நல்ல டார்ச்சுகள் வீணாவதற்கு முதல் காரணம். ஆல்கலைன்தான் கிடைக்கிறது என்றால் செல்லை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள்.

18650 (டபுள் ஏ-வைவிடப் பெரிய லித்தியம் அயான் செல்) போடும் டார்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட செல்லை வாங்காதீர்கள். அந்த அளவில் நல்ல செல்கள் 3500-ஐ ஒட்டித்தான் வருகின்றன.

பிறகு சேர்த்தவை

மூன்று டிரிபிள் ஏ போடும் டார்ச்: செல்களைப் பிடித்து வைக்கும் கூடையில் ஒரு செல் மட்டும் பழையதாக இருந்தால், அது தீர்ந்த பிறகும் மற்ற இரண்டும் அதன் வழியாகக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதன் பிளஸ் மைனஸ் தலைகீழாகிவிடும். ஒழுகுவது அந்தப் பழைய செல்தான். மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ரீசார்ஜபிள் வாங்குபவர்கள் சார்ஜரையும் கவனியுங்கள், விலை குறைந்தவை பலவும் இரண்டிரண்டாகத்தான் ஏற்றும். ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி விளக்கு எரிகிற சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள்.

செல்லின் மேலுறை கிழிந்திருந்தால்: லித்தியம் அயான், நிக்கல் செல்களின் உலோக உடம்பு மைனஸ். கிழிந்த இடம் குழாயில் பட்டால் சுவிட்சை அணைத்தும் டார்ச் எரியும். ஆல்கலைன் செல்லின் உடம்பு பிளஸ். அதில் கிழிந்தால் சுவிட்சைப் போட்டதும் ஷார்ட் ஆகி, வெளிச்சம் வராமல் செல் சுடும். சுட்டால் உடனே அணைத்துப் பின்மூடியைத் திறந்துவிடுங்கள்.

சாவிக்கொத்து டார்ச்: சிலவற்றில் சிஆர்2016 என்ற பட்டன் செல் இரண்டு அடுக்கியிருக்கும். இரண்டும் சேர்ந்த தடிமன் ஒரு சிஆர்2032-க்குச் சமம், 3.2 மி.மீ. அதனால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டு சேர்ந்தால் 6 வோல்ட், ஒன்று 3 வோல்ட். பழையது எப்படி இருந்ததோ அப்படியே போடுங்கள். குழந்தை பட்டன் செல்லை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும்.

மூடுபனியில் வெளிச்சம் கண்ணிலேயே திரும்பி அடிப்பது டார்ச்சின் கோளாறு அல்ல. வெளிச்சத்தைக் குறைத்து, டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து, தரையைப் பார்த்துக் காட்டுங்கள். நெற்றியில் கட்டும் விளக்கு இந்த இடத்தில் சுத்தமாக உதவாது.