எம்டன் எங்கே நின்றது? வகுப்பறையில் ஒரு எஸ்கேப் ரூம்

எஸ்கேப் ரூம், அதாவது புதிர்களை விடுவித்துப் பூட்டுகளைத் திறக்கும் விளையாட்டு, என்றதும் பலர் பூட்டு, பெட்டி, டார்ச் லைட் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கடைக்குப் போகும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பாடம் புரியாமல் பூட்டு திறக்கவே கூடாது. 'எம்டன் கப்பல் சென்னைக்கு வந்த ஆண்டு எது?' என்று கேட்டு 1914-ஐப் பூட்டின் எண்ணாக வைத்தால் அது வெறும் வினாடி வினா. காசிமேடு, ராயபுரம் பக்கத்து எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரு விளையாட்டை இங்கே கட்டிப் பார்ப்போம்.

படி 1: கதையும் பாடமும்

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. இது கதை. ஒளி உடனே தெரியும், ஒலி தாமதமாக வரும் என்பது பாடம். இருட்டில் நின்ற கப்பலின் இடத்தைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 2: புதிர்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். முதல் உறையில் காசிமேட்டுக் கரையில் நின்ற ஒருவரின் குறிப்பு: 'கப்பலின் பீரங்கி வெளிச்சம் தெரிந்து 9 நொடி கழித்துச் சத்தம் கேட்டது.' ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பது கரும்பலகையில் மற்ற சூத்திரங்களோடு கலந்து இருக்கட்டும். பெருக்கினால் 3060. அதுவே முதல் பூட்டின் எண்.

பெட்டிக்குள் வடசென்னை வரைபடம், வட்டம் போட ஒரு காம்பஸ், இன்னொரு குறிப்பு: உயர் நீதிமன்றத்தின் அருகே நின்றவருக்கு 11 நொடி. வரைபடத்தின் அளவு 1 செ.மீ.க்கு 500 மீட்டர். காசிமேட்டிலிருந்து 6.1 செ.மீ., நீதிமன்றத்திலிருந்து 7.5 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் இரண்டும் இரண்டு இடத்தில் வெட்டும். ஒன்று கடலில், மற்றொன்று பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடிப் பக்கம். 'வியாசர்பாடியில கப்பல் எப்படி நிக்கும்?' என்று ஒரு பிள்ளை கேட்கும் இடம்தான் இந்த விளையாட்டின் உயிர். அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். வரைபடத்தில் கட்டங்கள் போட்டு ஒவ்வொன்றிலும் நான்கு இலக்க எண் எழுதியிருந்தால், சரியான கடல் கட்டத்தின் எண் கடைசிப் பூட்டைத் திறக்கும்.

படி 3: பொருட்கள்

பாரிமுனையில் நம்பர் பூட்டு கிடைக்கும். நான்கு இலக்கப் பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று இலக்கத்தில் மொத்தமே 1000 எண்கள்தான். நொடிக்கு ஒன்றாகத் திருப்பினால் 17 நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடலாம். கை துறுதுறுவென்று இருக்கும் பிள்ளை கணக்கே போடாது. நான்கு இலக்கம் என்றால் அதே வேகத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும்.

அறைக் கதவை மட்டும் ஒருபோதும் பூட்டாதீர்கள். பூட்டு பெட்டிக்குத்தான்.

படி 4: ஒத்திகை

புதிர் தெரியாத நாலைந்து பேரை விளையாட வைத்து, ஓரமாக நின்று பாருங்கள். வாய் திறக்கக் கூடாது. எங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் முழிக்கிறார்களோ அங்கே ஒரு துப்பு உறை தேவை. துப்பு அடுத்த அடியைக் காட்டினால் போதும், விடையைச் சொல்ல வேண்டாம். கூட்டமான வகுப்பு என்றால் ஐந்து பேருக்கு ஒரு பெட்டி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேர் விளையாடி மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

படி 5: அப்புறம் பேசுங்கள்

45 நிமிட வகுப்பில் விளையாட்டுக்கு 25 நிமிடம், பேச்சுக்குக் குறைந்தது 10 நிமிடம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். ஏன் ஒரே ஆளின் குறிப்பு போதவில்லை, காற்றின் வெப்பம் கூடினால் ஒலியின் வேகம் என்ன ஆகும் என்று கேளுங்கள். அந்த 9, 11 நொடிகள் விளையாட்டுக்காக நாம் வைத்தவை, தாக்குதலும் தேதியும் நிஜம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை, உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் இருக்கும் எம்டன் கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.