பென்சில்வேனியாவின் படை வரலாறு: நூல்களிலும் பதிவேடுகளிலும் தேடும் முறை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து 1861–65 உள்நாட்டுப் போருக்குச் சென்ற ஒரு வீரரைத் தேடுபவர் பெரும்பாலும் அவருடைய பெயரை வைத்தே தேடத் தொடங்குகிறார். ஆனால் ஜெர்மன் குடும்பங்கள் நிறைந்த அந்த மாநிலத்தில் ஷ்னைடர் என்பவர் ஒரு பட்டியலில் ஸ்னைடராகவும், முல்லர் என்பவர் இன்னொன்றில் மில்லராகவும் பதிவாகியிருப்பார். ஒரே பெயரில் பல வீரர்களும் இருப்பார்கள். ஆகவே முதலில் அவர் எந்த ரெஜிமென்ட்டில் (பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவில்), அதில் எந்தக் கம்பெனியில் இருந்தார் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இது தெளிவாகிவிட்டால் மற்ற ஆவணங்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். இதில் தவறினால் வேறொருவருடைய வரலாற்றைத்தான் எழுதிக்கொண்டிருப்போம்.

ரெஜிமென்ட்டை உறுதி செய்வது எளிய வேலை போலத் தோன்றினாலும், பென்சில்வேனியாவில் அது அப்படியில்லை. 1861 ஏப்ரலில் மூன்று மாதச் சேவைக்கென்று 1 முதல் 25 வரை எண்ணிட்ட ரெஜிமென்ட்டுகள் எழுந்தன. அந்தக் கோடையிலேயே அவை கலைந்தன. கூட்டரசு, அதாவது அமெரிக்க மைய அரசு, மாநிலத்திடம் கேட்ட ஒதுக்கீட்டுக்கு மேல் வந்து குவிந்த தன்னார்வலர்களை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாத ஆளுநர் ஆண்ட்ரூ கர்ட்டின், அவர்களைக் கொண்டு மாநிலச் செலவில் 'ரிசர்வ்ஸ்' என்ற படையை அமைத்தார். அதன் 13 காலாட்படை ரெஜிமென்ட்டுகளுக்குத் தனி வரிசை எண்ணும் உண்டு, மாநிலத்தின் பொது வரிசையில் 30 முதல் 42 வரையான எண்ணும் உண்டு. பீரங்கிப் படையும் குதிரைப் படையும் அதே பொது வரிசையில்தான் எண்ணப்பட்டன. எனவே 'முதலாம் பென்சில்வேனியா' என்று ஒரு கடிதத்திலோ கல்லறையிலோ காணப்பட்டால், அது மூன்று மாத ரெஜிமென்ட்டாக இருக்கலாம். ரிசர்வ்ஸின் முதல் ரெஜிமென்ட்டாக, அதாவது 30ஆவதாக இருக்கலாம். முதல் பீரங்கிப் படையாக, அதாவது 43ஆவதாக இருக்கலாம். முதல் குதிரைப் படையாக, அதாவது 44ஆவதாகவும் இருக்கலாம். வீரர் சேர்ந்த தேதியையும் படையின் வகையையும் பார்த்த பிறகே இந்த நான்கில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்.

பெயரும் எண்ணைப் போலவே ஏமாற்றும். தொப்பியில் மான் வால் செருகிக்கொண்ட 'பக்டெயில்ஸ்' என்போர் ரிசர்வ்ஸின் 13ஆவது ரெஜிமென்ட்டினர். பொது வரிசையில் அது 42ஆவது. அவர்களுடைய புகழைப் பார்த்து 1862இல் எழுப்பப்பட்ட 149ஆவது, 150ஆவது ரெஜிமென்ட்டுகளும் அதே மான் வாலை அணிந்து அதே பெயரால் அழைக்கப்பட்டன. 1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க் போரில் இவை மூன்றுமே போரிட்டன. வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒருவர் தம்மைப் பக்டெயில் என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் விவரிக்கும் சண்டை எந்த நாளில் நடந்தது என்று பார்க்க வேண்டும். 1863 ஜூலை 1ஆம் தேதி மெக்ஃபர்சன் பண்ணையருகே நடந்த சண்டை என்றால் அவர் 149ஐயோ 150ஐயோ சேர்ந்தவர். ஜூலை 2ஆம் தேதி மாலை லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் பக்கம் இறங்கியதைச் சொன்னால் அவர் 42ஐச் சேர்ந்தவர். இப்படி ஒரு வரியைக் கொண்டு ஒரு ரெஜிமென்ட்டைக் கண்டுகொள்வதில் உள்ள நிறைவு, இந்தத் தேடலில் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து கையில் எடுக்க வேண்டியது சாமுவேல் பேட்ஸ் தொகுத்து 1869 முதல் 1871 வரை மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்த பென்சில்வேனியா தன்னார்வப் படைகளின் வரலாறு. ஒவ்வொரு ரெஜிமென்ட்டின் போர்க்கதையையும் சொன்ன பிறகு, கம்பெனி வாரியாகப் பெயர், பதவி, சேர்ந்த தேதி, சேவைக்காலம், குறிப்பு என்று பத்தி பத்தியாக அது அடுக்கித் தருகிறது. குறிப்புப் பத்தியை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. அங்கே 'வெட்' என்ற சுருக்கம் இருந்தால், முன்னாள் வீரர் என்று பொருளல்ல. முதல் சேவைக்காலம் முடியும் முன்பே மறுபடியும் சேர்ந்துகொண்டவர் என்று பொருள். ரெஜிமென்ட் கலைக்கப்பட்டபோது எழுதிய பட்டியலில் பெயர் இல்லை என்ற குறிப்போ, அவர் என்ன ஆனார் என்று தொகுத்தவருக்குத் தெரியவில்லை என்பதையே காட்டுகிறது. அதைக் கொண்டு ஒருவரை ஓடிப்போனவர் என்று எழுதுவது பெரும் அநியாயம். கம்பெனிகளுக்கு இட்ட ஆங்கில எழுத்துகளில் 'ஜே' கிடையாது. கையெழுத்தில் அது 'ஐ' எழுத்தோடு குழம்பும் என்பதால் அதை விட்டுவிடுவது வழக்கம். எங்காவது 'ஜே கம்பெனி' என்று கண்டால், படியெடுத்தவர் 'ஐ' எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

அச்சு நூல் வழிகாட்டி மட்டுமே, அது சான்றாகாது. மூலப் பட்டியல்கள் ஹாரிஸ்பர்க்கிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில், படைத்துறைக்குரிய 19ஆம் பதிவுத் தொகுப்பில் இருக்கின்றன. பேட்ஸின் பட்டியலை அடியொற்றிய வீரர் அட்டைகளும் அங்கே உண்டு. கூட்டரசின் சேவைப் பதிவுகளும் ஓய்வூதியக் கோப்புகளும் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒன்றை மட்டும் வாங்கத்தான் வசதி இருக்கிறது என்றால், ஓய்வூதியக் கோப்பையே வாங்கச் சொல்வேன். சேவைப் பதிவு பெரும்பாலும் வருகைக் கணக்கோடு நின்றுவிடும். ஓய்வூதியக் கோப்பிலோ விதவையின் திருமணச் சான்று, பிள்ளைகள் பிறந்த தேதிகள், உடன் போரிட்டவர்களின் வாக்குமூலம் எல்லாம் கிடைக்கக்கூடும். இக்கோப்புகளுக்குப் பெயர் வரிசையில் ஒரு தேடல் அட்டவணையும், ரெஜிமென்ட்–கம்பெனி வரிசையில் இன்னொரு தேடல் அட்டவணையும் உண்டு. பெயரின் எழுத்து சிதைந்திருந்தால் இரண்டாவதே கைகொடுக்கும்.

கறுப்பின வீரர்களைத் தேடுபவர் மாநில எண் வரிசையில் தேடிப் பயனில்லை. 1863இல் பிலடெல்பியா அருகே திறந்த வில்லியம் பென் முகாமில் பயிற்சி பெற்றவர்கள் கூட்டரசின் கறுப்பினப் படை ரெஜிமென்ட்டுகளின் கீழ்ப் பதிவானார்கள். அங்கே உருவான ரெஜிமென்ட்டுகளைப் பேட்ஸ் தம் ஐந்தாம் தொகுதியில் சேர்த்திருக்கிறார். அந்த முகாம் திறப்பதற்கு முன்பே போருக்குப் போகத் துடித்த பென்சில்வேனியர் பலர் கறுப்பினத்தவரைக் கொண்ட 54ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்துவிட்டதால், அவர்களை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏடுகளில்தான் காண முடியும்.

அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்துக்குச் செல்பவர், போரை ஏற்காத கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்கள் நிறுவிய இக்குடியேற்றத்தில் கட்டாயக் குடிப்படைச் சட்டம் 1777 மார்ச் 17ஆம் தேதிதான் நிலைபெற்றது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்கு முன் இருந்தவை தாமாகச் சேர்ந்த 'அசோசியேட்டர்' அணிகள். சட்டத்துக்குப் பிறகு 18 முதல் 53 வயது வரையான ஆண்கள் கம்பெனிகளாகவும், ஒவ்வொரு கம்பெனியிலும் எட்டு வகுப்புகளாகவும் பிரிக்கப்பட்டு, வகுப்பு வாரியாக அழைக்கப்பட்டார்கள். மாநிலம் அச்சிட்ட பழைய ஆவணத் தொகுப்பான 'பென்சில்வேனியா ஆர்கைவ்ஸ்' ஐந்தாம் வரிசையில் ஒருவர் பெயர் இருப்பதால் மட்டும் அவர் களத்தில் நின்றார் என்று எழுதிவிட முடியாது. அவருடைய வகுப்பு அழைக்கப்பட்டதா, அவர் போனாரா, தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பினாரா என்று பார்க்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் ஒரு பெரும் இழப்பு எதிர்ப்படும். 1973 ஜூலை 12ஆம் தேதி செயின்ட் லூயிஸ் பணியாளர் ஆவண மையத்தில் பற்றிய தீயில், 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தது. கோப்பு இல்லை என்று பதில் வந்தால் தேடலைக் கைவிடத் தேவையில்லை. முதல் உலகப் போரில் பணிபுரிந்தவர்களுக்கு மாநிலம் 1934 முதல் வழங்கிய உதவித்தொகைக்காக அவர்கள் அளித்த விண்ணப்பங்கள் ஹாரிஸ்பர்க்கில் பத்திரமாக உள்ளன. இந்த விண்ணப்பங்கள் செயின்ட் லூயிஸில் வைக்கப்படாததால் தீயிலிருந்து தப்பின; ஆகவே செயின்ட் லூயிஸுக்கு எழுதிக் கேட்பதற்கு முன்பே இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.