பழைய லேண்ட் ரோவரின் பின்விளக்கு வயரைச் சரிசெய்யும் முறை

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, லிந்தாங் சாலையிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் என் வண்டியின் பின்கதவை உரசிவிடும் தூரத்தில் சட்டென ஒதுங்கிப் போனார். அடுத்த தேநீர்க் கடையில் என்னைக் கண்டதும், "அண்ணே, உங்க வண்டிக்குப் பின்னால லைட்டே இல்ல. செம்பனைத் தோட்டத்து இருட்டுல வண்டி நிக்குதா ஓடுதான்னே தெரியல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நடுங்கிப்போய்ச் சொன்னார். அன்றிரவே வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். அந்த வேலையை, வயரிங் பக்கமே போகாதவர்களும் செய்யும்படி இங்கே விளக்குகிறேன்.

என்னுடையது 1979ஆம் ஆண்டுத் தயாரிப்பான லேண்ட் ரோவர் சீரிஸ் 3. நம் தோட்டப்புறங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சுசுகி ஜிம்னிக்கும் டொயோட்டா லேண்ட் குரூசருக்கும் இதே முறை பொருந்தும். வயர்களின் நிறங்கள் மட்டும் வேறுபடும் என்பதால், உங்கள் வண்டியின் வயரிங் வரைபடத்தை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், வயர் உரிக்கும் பிளேயர், வயர்களை ஒட்ட ரோசின் (மரப்பிசின்) உள்ளீடு கொண்ட சோல்டர் ஈயம், அதை உருக்கும் சோல்டர் இரும்பு, உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாய், உப்புத்தாள், வேஸலின், 1 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள வாகன வயர், எர்த்துக்கு (மின்னோட்டம் விளக்கிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழி) 2 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயர் ஆகியவை போதும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயரை வண்டிக்குப் பயன்படுத்தவே கூடாது. அதிர்வில் அது முறிந்துவிடும். பல மெல்லிய இழைகள் சேர்ந்த வாகன வயர்தான் வேண்டும்.

வெட்டுவதற்கு முன் கண்டுபிடியுங்கள்

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, பழைய வயரைப் பார்த்தவுடனே கத்தியை எடுப்பதுதான். எங்கே பழுது என்று தெரியாமல் வெட்டினால், இருந்த ஒரு பழுது மூன்றாகிவிடும். முதலில் விளக்கு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். இரு பக்கப் பின்விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்திருந்தால் பழுது முன்னால், அதாவது ஃபியூஸிலோ, சுவிட்சிலோ, வண்டியின் அடிச்சட்டத்துக்குள் ஓடும் பொது வயரிலோ இருக்கக்கூடும். ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் பல்ப், பல்ப் பிடிப்பான், அந்தப் பக்கத்து எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கும் சிக்னல் விளக்கும் மங்கலாக ஒளிர்ந்தால், எர்த் போய்விட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம், பக்கத்து பல்ப் இழைகளின் வழியாகத் தப்பிக்கப் பார்ப்பதால்தான் அப்படி நடக்கிறது.

நிறங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சீரிஸ் 3 வண்டியில் பின்விளக்குக்குச் சிவப்பு வயர், பிரேக் விளக்குக்கு ஊதாக் கோடிட்ட பச்சை, இடது சிக்னலுக்குச் சிவப்புக் கோடிட்ட பச்சை, வலது சிக்னலுக்கு வெள்ளைக் கோடிட்ட பச்சை, எர்த்துக்குக் கறுப்பு. பச்சை வயர்களுக்குச் சாவியைத் திருப்பினால்தான் மின்சாரம் வரும். சிவப்பு வயருக்கு விளக்குச் சுவிட்சைப் போட்டாலே போதும். இதை அறியாமல், சாவியைத் திருப்பாமலேயே பிரேக் விளக்கைச் சோதித்துவிட்டு வயர் அறுந்துவிட்டது என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்பது ஆண்டு அழுக்கு படிந்த வயரில் ஊதாக் கோடு கண்ணுக்குத் தெரியாது. ஈரத் துணியால் துடைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

இப்போது விளக்கின் மூடியைத் திறந்து பல்பைக் கழற்றுங்கள். பின்விளக்கும் பிரேக்கும் சேர்ந்த பல்பில் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள் இருக்கும். பக்கவாட்டிலுள்ள இரு முனைகளும் ஒரே உயரத்தில் இல்லாதது, அது ஒரு விதமாக மட்டுமே உள்ளே போக வேண்டும் என்பதற்காகத்தான். அழுத்தித் திணித்து மாற்றிப் போட்டால், பின்விளக்கு பிரேக் போலவும் பிரேக் பின்விளக்கு போலவும் எரியும். பல்பை நேராக பேட்டரியில் தொட்டுப் பார்த்து இரண்டு இழைகளும் எரிகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். பல்ப் பிடிப்பானுக்குள் பச்சை நிறத்தில் துரு போன்ற படிவு இருந்தால் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு உப்புத்தாளால் தேய்த்து, பித்தளை மின்னும் வரை சுத்தம் செய்யுங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிளஸ் ஆற்றின் கிளை ஓடைகளைக் கடந்து ஓடிய வண்டிகளில் இந்தப் படிவு இல்லாமல் இருப்பது அரிது.

எர்த் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். லேண்ட் ரோவரின் வெளி உடல் அலுமினியத் தகடு; அதைத் தாங்கும் சட்டம் எஃகு. இரண்டும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகிப் போகும். அந்தப் பொடி மின்சாரத்தைத் தடுக்கும். அலுமினியத் தகட்டில் எஃகு திருகாணி போட்டு எடுத்த எர்த், எங்கள் ஊர் மழையில் சில ஆண்டுகள்கூடத் தாங்காது.

பேட்டரியின் எர்த் முனையை மீண்டும் மாட்டி, பல்பைப் போட்டு, விளக்கை எரிய விடுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின்னோட்ட அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றைப் பல்ப் பிடிப்பானின் வெளிக்கூட்டிலும் வையுங்கள். பேட்டரி முன்னால் இருப்பதால் நீளமான வயர் ஒன்று தேவைப்படும். எர்த் நன்றாக இருந்தால் அளவு 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். என் வண்டியின் இடப்பக்கத்தில் 4.6 வோல்ட் காட்டியது. அதாவது, பல்புக்குக் கிடைக்க வேண்டிய 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு துருப்பிடித்த திருகாணியில் வீணாகிக்கொண்டிருந்தது. வயரைக் குறை சொல்லி முழு வயர்க்கட்டையும் மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், விளக்கும் சரியாகியிருக்காது.

சரிசெய்வது எளிது. விளக்கிலிருந்து புதிய கறுப்பு வயரை இழுத்து, அலுமினியத்தை நம்பாமல், எஃகுச் சட்டத்தில் நேரடியாகப் பொருத்துங்கள். பொருத்தும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து எஃகு வெண்மையாகத் தெரியும் வரை எடுத்துவிட்டு, வளைய முனையை இறுக்கிய பிறகு மேலே வேஸலின் பூசுங்கள். முதலில் பூசிவிட்டு இறுக்காதீர்கள். உலோகமும் உலோகமும் தொட்ட பிறகு ஈரம் புகாமல் மூடுவதற்குத்தான் வேஸலின்.

வயரில் பழுது என்றால்

எர்த் சரி, பல்ப் சரி, ஆனால் பிடிப்பானின் தொடுமுனைக்கு 12 வோல்ட் வரவில்லை என்றால், பின்னாலிருந்து முன்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, மின்சாரம் இருக்கும் கடைசி இடத்துக்கும் இல்லாத முதல் இடத்துக்கும் இடையில்தான் பழுது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பெடலருகே உள்ள பிரேக் சுவிட்சின் இரு வயர்களையும் ஒரு நிமிடம் ஒன்றாகத் தொட வையுங்கள்; விளக்கு எரிந்தால் சுவிட்ச்தான் கெட்டது.

சீரிஸ் வண்டிகளில் பின்பக்க வயர்க்கட்டு சட்டத்தின் உட்குழி வழியாக ஓடி, பின் குறுக்குச் சட்டத்தில் வெளியே வருகிறது. அந்தத் துளையில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். என் வண்டியில் அது எப்போதோ உதிர்ந்துபோய், இரும்பின் விளிம்பு ஒவ்வொரு குலுக்கலிலும் வயரின் தோலை அறுத்திருந்தது. சிவப்பு வயரின் தோல் உரிந்து, செம்பு கறுத்து, இரண்டு மூன்று இழைகள் மட்டுமே மிச்சமிருந்தன. அதற்கு ஒரு சாண் தள்ளி, முன்பிருந்தவர் இழுவைப் பெட்டிக்காகப் போட்ட நீலநிறக் கவ்வி இணைப்பு ஒன்று இருந்தது. உள்ளே பிளேடு வயரைக் குத்தி நிற்கும் வகை அது. வறண்ட நாட்டில் அது ஒருவேளை தாங்கும்; நம் ஈரத்தில் அந்தக் குத்திய இடம் வழியாகத் தண்ணீர் புகுந்து செம்பைத் தின்றுவிடும். எங்கு கண்டாலும் அகற்றிவிடுங்கள். எலி கடித்த அடையாளமும் தேடுங்கள். செம்பனைத் தோட்டத்து எலிகள் நிறுத்தி வைத்த வண்டியை விடுவதில்லை.

வெட்டும் முன் பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். எல்லாம் முடிந்தபின் அதையே கடைசியில் மாட்டுங்கள். 1967க்கு முந்தைய லேண்ட் ரோவர்களில் நேர்முனையே எர்த்தாக இருக்கக்கூடும் என்பதால், அடையாளத்தைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

பழுதான பகுதியை இரு புறமும் வெட்டி எடுத்து, தோலை உரித்துச் செம்பைப் பாருங்கள். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. மேலே குண்டாக உருண்டு நிற்கும், ஒரு மாதத்தில் கழன்றுவிடும். வெட்டிய நீளத்துக்கு அதே நிறப் புதிய வயரை எடுத்து, ஒரு விரல் நீளம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். சேர்ப்பதற்கு முன் சுருங்கு குழாயை வயரில் மாட்டி, சூடு படாத தூரத்துக்குத் தள்ளிவிடுங்கள். இதை மறந்துவிட்டு இணைத்தபின் தலையில் கை வைத்துக்கொள்ளாதவர் யாருமில்லை. இரு முனைகளின் இழைகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து, எதிரெதிர்த் திசையில் முறுக்கி, சோல்டர் இரும்பால் வயரைச் சூடாக்குங்கள். ஈயத்தை இரும்பில் அல்ல, வயரில் தொட வையுங்கள். வயர் சூடானால் ஈயம் தானே இழைகளுக்குள் உறிஞ்சப்படும். ஆறும் வரை அசைக்கக் கூடாது. பிறகு குழாயை மேலே இழுத்துச் சூடு காட்டினால், அது சுருங்கி இரு ஓரத்திலும் பசை சற்றுக் கசியும். அந்தக் கசிவுதான் ஈரம் புகாது என்பதற்கு அடையாளம்.

நான்கு வயர்களையும் சேர்க்க வேண்டியிருந்தால், எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வைத்தால் கட்டு தடிக்காது. ஒரு உறை கிழிந்தாலும் பக்கத்து இணைப்பைத் தொடாது. சோல்டர் செய்த இடம் விறைப்பாக இருப்பதால், அதன் இரு புறமும் வயரைச் சட்டத்தோடு பட்டையால் கட்டி, அதிர்வு இணைப்பில் விழாமல் செய்யுங்கள். சட்டத்துக்குள் முழு வயரையே மாற்ற வேண்டும் என்றால், பழைய வயரின் முனையில் தடித்த நைலான் தூண்டில் நூலைக் கட்டி, மறுமுனையிலிருந்து மெல்ல இழுங்கள். நூல் உள்ளே வந்ததும் அதில் புதிய கட்டைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். துளையில் புதிய ரப்பர் வளையம் போடாமல் மூடிவிடாதீர்கள்.

பல பழைய வண்டிகளில் பின்விளக்குக்கென்று தனி ஃபியூஸ் இருப்பதில்லை. இரு பின்விளக்குகளும் எண் பலகை விளக்கும் சேர்ந்து 15 வாட் அளவுதான், ஏறக்குறைய 1.3 ஆம்பியர். ஆகவே சிவப்பு வயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை எளிதில் கை எட்டும் இடத்தில் சேர்ப்பது நல்லது.

கடைசியில் பேட்டரியை மாட்டி, வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். என் தங்கை மகள்தான் எனக்கு மிதித்தாள். பின்னாலிருந்து நான் குரல் கொடுத்தேன். விளக்கு மட்டும், பிரேக் மட்டும், இடது சிக்னல், வலது சிக்னல், பிறகு எல்லாம் சேர்த்து என வரிசையாகப் பாருங்கள். சேர்த்துப் போடும்போது எதுவும் மங்கக் கூடாது. மங்கினால் எர்த்துக்குத் திரும்பிப் போங்கள். ஒரு வாரம் ஓட்டி, ஒரு நல்ல மழையில் நனைந்த பிறகு, அதே 0.2 வோல்ட் சோதனையை மறுபடியும் செய்து பாருங்கள்.