வேலைநிறுத்த ஆண்டின் சாம்பியன்: 1987 வாஷிங்டன் அணி பற்றிப் பேசுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் வாஷிங்டன் அணி (அன்று ரெட்ஸ்கின்ஸ், இன்று கமாண்டர்ஸ்) வீரர்களின் வேலைநிறுத்தம் குறுக்கிட்ட 1987 சீசனில் கோப்பை வென்ற கதையைப் பலரும் சொல்கிறார்கள். பல இடங்களில் அது திரிந்துபோய்க் கிடக்கிறது.

முதலில் ஆண்டுக் குழப்பம். இதே அணி, இதே பயிற்சியாளர் ஜோ கிப்ஸ், 1982 சீசனிலும் ஒரு வேலைநிறுத்தத்துக்கு நடுவே சாம்பியன் ஆனார்கள். அந்த வேலைநிறுத்தம் 57 நாள் நீடித்தது. லீக் மொத்தமாக நின்றது, வேலைநிறுத்தக்காரர்களுக்குப் பதிலாக எடுக்கப்படும் மாற்று வீரர்கள் யாரும் ஆடவில்லை. மாற்று வீரர்கள் களமிறங்கியது 1987இல்தான்.

அடுத்தது பெரிய தவறு: மாற்று வீரர்களே சூப்பர் பவுலை, அதாவது சீசனின் இறுதி ஆட்டத்தை, வென்றார்கள் என்பது. அவர்கள் ஆடியது மூன்றே ஆட்டங்கள். மூன்றாவது வார ஆட்டங்களை ரத்து செய்த அணி உரிமையாளர்கள், அடுத்த மூன்று வாரங்களை அவசரமாகச் சேர்த்த ஆட்களை வைத்து நடத்தினார்கள். அதன்பின் வேலைநிறுத்தம் செய்த பழைய வீரர்கள் திரும்பிவிட்டார்கள்.

அதற்காக அந்த மூன்று ஆட்டங்களையும் ஒதுக்கிவிடுவதும் தவறு. வெற்றி தோல்விக் கணக்கில் அவை முழுதாகச் சேர்ந்தன. வாஷிங்டனின் மாற்று அணி மூன்றையும் வென்றது. அதே பிரிவில் இருந்த பிலடெல்பியாவின் மாற்று அணி மூன்றிலும் தோற்றது. அங்கே பழைய வீரர்கள் 12 ஆட்டங்களில் 7 வென்றும், சீசன் 7 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்து பிளேஆஃப் (இறுதிச் சுற்றுகள்) கைநழுவியது.

டல்லஸ் ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அக்டோபர் 19, திங்கள் இரவு. வேலைநிறுத்தம் அதற்கு நான்கு நாள் முன்பே முடிந்துவிட்டது. ஆனால் கெடு தாண்டி வந்தார்கள் என்று சொல்லி, அந்த வாரம் பழைய வீரர்களை ஆடவிடவில்லை. டல்லஸ் அணியில் டோனி டோர்செட், டேனி வைட், ராண்டி வைட் போன்ற பெரிய பெயர்கள் ஏற்கெனவே மறியல் கோட்டைத் தாண்டி, அதாவது வேலைநிறுத்தத்தை விட்டு, ஆட வந்திருந்தார்கள். வாஷிங்டன் வீரர்களில் ஒருவர்கூடத் தாண்டவில்லை. எனவே முழுக்க மாற்று வீரர்களே இறங்கினார்கள். குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) எட் ரூபர்ட் காயப்பட்டு வெளியேற, சிறையிலிருந்து தற்காலிகமாக வெளியே வந்திருந்த டோனி ராபின்சன் உள்ளே வந்தார். 13-7 என்று வாஷிங்டன் வென்றது. அந்த சீசனில் இதைவிட அரிய வெற்றி எனக்குத் தெரியவில்லை.

இந்த மாற்று வீரர்களைக் கருங்காலிகள் என்று ஏசியதில் தொழிற்சங்க நியாயம் உண்டு. ஆனாலும் அவர்களில் பலர் வேறு வாய்ப்பே கிடைக்காதவர்கள். சாம்பியன் மோதிரம் அப்போதே அவர்களுக்கும் கிடைத்தது என்று எழுதுவதும் தவறு. அது கைக்கு வந்தது 2018இல்தான்.

குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸை இந்த மாற்று வீரர்களோடு சேர்க்காதீர்கள். அவர் முதல் குவார்ட்டர்பேக் ஜே ஷ்ரோடருக்கு அடுத்த இடத்தில் இருந்த வழக்கமான அணி வீரர், வேலைநிறுத்தத்திலும் இருந்தவர். பிளேஆஃப் வரும்போது கிப்ஸ் அவரை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார். 1988 ஜனவரி 31, சான் டியாகோ: டென்வருக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் வாஷிங்டனுக்கு 35 புள்ளிகள். முடிவு 42-10. சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவர், ஆட்ட நாயகனும் அவரே.

கடைசியாக, வீரர்கள் பணத்துக்காக மட்டும் போராடினார்கள், 24 நாளில் தோற்றுத் திரும்பினார்கள் என்று முடிப்பது. அவர்களின் முக்கியக் கோரிக்கை, ஒப்பந்தம் முடிந்தபின் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. அன்றைய விதிப்படி அப்படி ஒருவரை எடுக்கும் அணி, பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் கிட்டத்தட்ட யாருமே நகர முடியவில்லை. புதிய ஒப்பந்தம் இல்லாமலே வேலைக்குத் திரும்பியது உண்மை. ஆனால் சண்டை அப்புறம் நீதிமன்றத்தில் தொடர்ந்தது. லீக்கின் கட்டுப்பாடுகள் சட்டத்தை மீறியவை என்று 1992இல் தீர்ப்பு வந்தது. 1993இல் அந்த உரிமை வீரர்களின் கைக்கு வந்தது.