படைத் துப்பாக்கிக்குரிய காலிபரையும் தோட்டாவையும் தேர்ந்தெடுக்கும் முறை

எந்தக் குண்டு வலிமையானது என்ற கேள்வியோடுதான் காலிபர், அதாவது குழல் துளையின் விட்டம், பற்றிய பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. ஒரு படைக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பவர் அந்தக் கேள்வியைக் கடைசியாக வைத்துக்கொள்வதே நல்லது. வீரர் வழக்கமாக எவ்வளவு தொலைவில் சுட நேரும், எத்தனை தோட்டாக்களைத் தம் உடலில் சுமந்து நடப்பார், அவை தீர்ந்தபின் அடுத்த பெட்டி எங்கிருந்து வரும் என்ற மூன்றுக்கும் முதலில் எழுத்தில் விடை வேண்டும்.

அதற்கும் முன்னதாகச் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பேச்சுவழக்கில் தோட்டா, குண்டு என்ற இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். தோட்டா என்பது கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. குழலை விட்டுப் பறந்து செல்வது குண்டு மட்டுமே. காலிபர் எண் ஒன்றை மட்டும் எழுதினால் தோட்டா இன்னதென்று விளங்காது. 7.62×39 தோட்டா ஏறத்தாழ 8 கிராம் குண்டை நொடிக்கு 715 மீட்டர் அளவில் செலுத்துகிறது, 7.62×51 தோட்டா ஏறத்தாழ 9.5 கிராம் குண்டை நொடிக்கு 830 மீட்டருக்கும் மேலான வேகத்தில் செலுத்துகிறது. முன்னதன் ஆற்றல் சுமார் 2,000 ஜூல், பின்னதன் ஆற்றல் 3,300 ஜூலை ஒட்டியது. முதல் எண் காலிபரையும் இரண்டாவது எண் கூட்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கின்றன. ஒன்றுக்குரிய துப்பாக்கியில் மற்றொன்றைச் சுட முடியாது என்பதால், கொள்முதல் ஆவணத்தில் இரண்டு எண்களும் தவறாமல் இடம்பெற வேண்டும்.

தொலைவைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தரைப்படைக்காக நார்மன் ஹிட்ச்மன் 1952-ல் அளித்த ஆய்வறிக்கை இன்றும் படிக்கத்தக்கது. காலாட்படையின் துப்பாக்கிச் சூடு பெரும்பாலும் 300 கெஜத்துக்குள், அதாவது சுமார் 275 மீட்டருக்குள் மட்டுமே பயன் தருகிறது என்று அது காட்டியது. ஆயினும் நேட்டோ 1954-ல் முழு ஆற்றல் கொண்ட 7.62×51 தோட்டாவையே பொதுத் தோட்டாவாக ஏற்றது. அதைத் தோளில் தாங்கித் தொடர்ச்சியாகச் சுடும்போது துப்பாக்கியைக் கட்டுக்குள் வைப்பது மிகக் கடினம். பிரித்தானியப் படை தன் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியை ஒற்றைச் சூட்டுக்கு மட்டுமே அமைத்துக்கொண்டது இதை நன்கு உணர்த்தும். பின்னர் வந்த 5.56×45 தோட்டாவின் எடை ஏறத்தாழ 12 கிராம், 7.62×51 அதைப் போல இரு மடங்கு. 210 தோட்டாக்களை எடுத்துச் செல்லும் வீரருக்கு தோட்டாக்களை அடுக்கும் மேகசின் நீங்கலாகவே முதலாவதில் இரண்டரை கிலோ, இரண்டாவதில் ஐந்து கிலோ. தண்ணீரும் கவச உடையும் வானொலிக் கருவியும் ஏற்கெனவே தோளில் இருக்கும்போது அந்த இரண்டரை கிலோ வேறுபாட்டை அலுவலக மேசையிலிருந்து எடைபோட முடியாது.

ஆகவே, பொதுவான காலாட்படைக்குச் சிறிய தோட்டாவிலிருந்து தொடங்கி, பெரியது ஏன் தேவை என்பதைக் களத்தின் தன்மையைக் கொண்டு நிறுவ வேண்டும் என்பதே என் கருத்து. திறந்த மலைச்சரிவிலும் பாலைநிலத்திலும் அத்தகைய தேவை மெய்யாகவே எழுகிறது. 400, 500 மீட்டரைத் தாண்டும்போது 5.56×45 தோட்டாவின் 4 கிராம் குண்டு வேகத்தை விரைவாக இழக்கிறது, காற்றும் அதை எளிதில் விலக்குகிறது. அப்போதும் எல்லோருடைய துப்பாக்கியையும் மாற்றுவதற்கு முன், அணிக்குள் ஒரு 7.62×51 இயந்திரத் துப்பாக்கியையும் தொலைவிலுள்ள இலக்கைக் குறிவைத்துச் சுடும் தொலைக்குறி வீரருக்கு அதே காலிபரில் ஒரு துப்பாக்கியையும் சேர்த்துப் பார்க்கலாம். ஸ்னைப்பர் பணிக்கு, 16 கிராம் குண்டை நொடிக்கு 900 மீட்டரை ஒட்டிய வேகத்தில் செலுத்தும் 8.6×70 போன்ற தோட்டாக்கள் உள்ளன. வாகனங்களையும் கருவிகளையும் முடக்க 12.7×99 பயன்படுகிறது. அமெரிக்கத் தரைப்படை எதிரியின் கவச உடையையும் நீண்ட தொலைவையும் கருதி 2022-ல் 6.8×51 தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு ஈடாக ஒருவர் சுமக்கும் அடிப்படை எண்ணிக்கை 210-லிருந்து 140 ஆகக் குறைந்தது.

காலிபர் முடிவானதும் குண்டையும் குழலையும் இணைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். குழலுக்குள் செதுக்கப்பட்ட சுழல் வரிகளே குண்டைச் சுழற்றி நிலைப்படுத்துகின்றன. நீளமான குண்டுக்கு விரைவான சுழற்சி தேவை. அமெரிக்கப் படையின் 5.56×45 துப்பாக்கியான எம்-16-இன் ஏ1 வகைக் குழலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தது, அது 3.6 கிராம் எம்193 குண்டுக்குப் போதுமானது. நேட்டோ 1980-ல் ஏற்ற எஸ்எஸ்109 வகைக் குண்டு நீளமானது என்பதால் எம்-16ஏ2 குழல் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாற்றப்பட்டது. புதிய குண்டைப் பழைய குழலில் சுட்டால் அது நிலைகுலைந்து பறக்கும். குழலைக் குட்டையாக்கினாலும் வேகம் குறைகிறது. ஆகவே நீண்ட குழலில் எடுத்த அளவுகளைக் குட்டைக் குழலுக்குப் பொருத்திக் கூறும் விற்பனைக் குறிப்பை ஏற்கக் கூடாது.

வெடிமருந்து மாறினால் துப்பாக்கியே மாறியதாகக் கொள்ள வேண்டும். வியட்நாம் போரில் எம்-16 அடிக்கடி சிக்கிக்கொண்டதற்கு, முதலில் சோதித்த மருந்துக்குப் பதிலாக வேறு வகை மருந்தை இட்டது ஒரு பெரிய காரணம். சுடும் வேகம் கூடியது, படியும் கசடும் மிகுந்தது. தோட்டா அறைக்குக் குரோம் பூச்சு இல்லை, வீரர்களுக்குத் துடைக்கும் கருவிகளும் போதிய அளவில் தரப்படவில்லை. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. சிக்கிய துப்பாக்கியோடு இளைஞர்கள் உயிரிழந்த பிறகு வந்த விசாரணை அது. களத்தில் வழங்கப்போகும் அதே தோட்டாவைக் கொண்டே, வெயிலிலும் கடுங்குளிரிலும் மணலிலும் ஈரத்திலும் துப்பாக்கியைச் சோதிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம். வெப்பத்தில் அறையழுத்தம் (சுடும்போது தோட்டா அறைக்குள் எழும் அழுத்தம்) உயரும், குளிரில் குண்டின் வேகம் குறையும். இரு முனைகளிலும் துப்பாக்கி தடையின்றி இயங்க வேண்டும்.

சட்டச் சோதனையைக் களச் சோதனைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். 400 கிராமுக்குக் குறைவான வெடிக்கும் எறிபொருள்களை 1868-ஆம் ஆண்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனமும், உடலுக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளை 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனமும் போரில் விலக்குகின்றன. ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977-ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையின் 36-ஆம் பிரிவு, புதிய ஆயுதம் ஒவ்வொன்றும் சட்டத்துக்கு உட்பட்டதா என ஆராயும் கடமையை அதை ஏற்ற நாடுகளுக்கு விதிக்கிறது. வேட்டைக்காக விற்கப்படும் விரிகுண்டுகள் எவ்வளவு துல்லியமானவையாக இருந்தாலும் படைக்கு உரியவை அல்ல.

இருப்புக்கு வரும்போது நிறக்குறியில் கவனம் தேவை. நேட்டோ வழக்கில் பச்சை முனை எஸ்எஸ்109 வகைச் சாதாரண குண்டைக் குறிக்கிறது. சோவியத் வழக்கில் அதே பச்சை ஒளித்தடம் விட்டுச் செல்லும் டிரேசர் குண்டின் அடையாளம். இரு வகை ஆயுதங்களையும் வைத்திருக்கும் படையில் இவற்றைத் தனித்தனிக் கிடங்கில் வைப்பதே பாதுகாப்பு. வழங்குநர் ஒருவரை மட்டும் நம்பாமல், குறைந்தது இரண்டு ஆலைகளின் தோட்டாக்களையாவது தகுதிச் சோதனைக்கு உட்படுத்துவது நல்லது. உற்பத்தித் தொகுதி ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுத்து வேகம், அறையழுத்தம், துல்லியம் ஆகிய மூன்றையும் அளந்து, தொகுதி எண்ணோடு பதிவேட்டில் எழுதிய பின்னரே அந்தப் பெட்டிகளைப் பிரிவுகளுக்கு அனுப்ப வேண்டும். பின்னாளில் ஒரு பிரிவில் கூடு பிளந்தாலோ பிரைமர் வெடிக்கத் தவறினாலோ, அந்த எண்ணைக் கொண்டுதான் எஞ்சிய பெட்டிகளை உடனே திரும்பப் பெற முடியும்.