பெண்டன் கவுண்டிக்குப் புதுசா? முதலில் கலெக்டர் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள்

வால்மார்ட் தலைமையகம் பெண்டன்வில்லில் இருப்பதால்தான் நம்மில் பலர் அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் இந்தப் பெண்டன் கவுண்டிக்கு வந்து சேர்கிறோம். வந்த வாரமே வீடு, பள்ளிக்கூடம், இந்தியன் ஸ்டோர் எல்லாம் தேடிப் பிடித்துவிடுவோம். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று ஒன்று இருப்பது மட்டும் வரி பில் வரும்போதுதான் உறைக்கும்.

முதலில் பெயர்க் குழப்பம். இங்கே 'கவுண்டி ஜட்ஜ்' என்பவர் குற்ற வழக்கு விசாரித்து ஜெயிலுக்கு அனுப்புபவர் இல்லை. கவுண்டியின் நிர்வாகத் தலைவர். கவுண்டிச் சாலைகள் அவர் பொறுப்பு. 'குவோரம் கோர்ட்' பெயரில்தான் கோர்ட், உண்மையில் பட்ஜெட் போடும் 15 பேர் சபை. அந்த உறுப்பினர்களை 'ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்' என்பார்கள்; அவர்களும் வழக்கு விசாரிப்பதில்லை. 'கலெக்டர்' என்றதும் நம் ஊரில் அந்தக் காலத்துச் சிவப்பு விளக்கு காரை நினைக்காதீர்கள், வரி வசூலிப்பவர், அவ்வளவுதான். (நம் ஊர்க் கலெக்டரும் வெள்ளைக்காரன் காலத்தில் அதற்குத்தான் வந்தார்.) இவர்கள் எல்லோருமே ஓட்டு வாங்கி ஜெயித்து வருபவர்கள்.

பெண்டன்வில் சதுக்கத்தில் 1928இல் கட்டிய கோர்ட் ஹவுஸ் நிற்கிறது. சாம் வால்டன் 1950இல் திறந்த சின்னக் கடையும் அதே சதுக்கத்தில்தான். படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கார் வரி வேலையாக அங்கே போய் நிற்காதீர்கள். அது பக்கத்து நிர்வாகக் கட்டடத்தில்.

காரில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். இந்த மாநிலத்தில் காருக்கும் வருஷா வருஷம் சொத்து வரி உண்டு. முதலில் சொத்தை மதிப்பிடும் 'அசெஸர்' அலுவலகத்தில் காரைப் பதிய வேண்டும். அந்தச் சீட்டும் இன்சூரன்ஸும் இல்லாமல் நம்பர் பிளேட் கிடைக்காது. பிளேட் கொடுப்பது கவுண்டி இல்லை, மாநில ரெவின்யூ ஆபீஸ். அது தனி இடம், தனி வரிசை. புதிதாக வந்தவர்களுக்கு 30 நாள்தான் கெடு. பிறகு ஒவ்வொரு வருஷமும் மே 31க்குள் அசெஸரிடம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷ வரிக்கு பில் அடுத்த வருஷம் வரும். அக்டோபர் 15க்குள் கலெக்டரிடம் கட்ட வேண்டும். தாமதித்தால் 10 சதவீதம் அபராதம். நான் கட்டியிருக்கிறேன். அபார்ட்மெண்ட் மாறியவன் முகவரியை மாற்றச் சோம்பல்பட்டேன், பில் பழைய வீட்டுக்குப் போய்விட்டது. இன்னொன்று: டெக்சாஸுக்கு வேலை மாறிப் போனாலும் முந்தைய வருஷப் பாக்கி உங்கள் பெயரில் இங்கேயே இருக்கும்.

சொந்த வீடு வாங்கினால் அதே அசெஸரிடம் 'ஹோம்ஸ்டெட்' என்ற வீட்டு வரிச் சலுகையைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்காமல் அது வராது.

டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகச் சேர்கிறீர்களா என்று கேட்பார்கள். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால் 'நோ' மட்டும்தான். தெரியாமல் தலையாட்டினால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் அது பெரிய சிக்கலாகும்.

வீடு பார்க்கும்போது ஒரு விஷயம். முகவரியில் பெண்டன்வில் என்று இருந்தாலும் வீடு நகர எல்லைக்கு வெளியே இருக்கலாம். அப்படியானால் நகரப் போலீஸுக்குப் பதில் கவுண்டி ஷெரிஃப் வருவார். கழிவுநீருக்குப் பெரும்பாலும் சொந்த செப்டிக் டேங்க்தான். ஓசார்க் மலைப்பகுதியின் இந்த மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, குகை, ஊற்று என்று ஓட்டை ஓட்டையாக இருக்கும். செப்டிக்கைச் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மேற்கே கிராவெட், டெகாட்டர், ஜென்ட்ரி பக்கம் கோழிப்பண்ணைகள் அதிகம். வீடு அழகாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஒரு தடவை சாயங்காலம் போய் காற்று வாடையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிழக்கே பீவர் ஏரி. நாம் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

அப்புறம் புயல். டொர்னேடோ எச்சரிக்கையில் முதலில் வருவது கவுண்டி பெயர், அதனால் 'பெண்டன்' என்று கேட்டதும் காது நிமிர வேண்டும். 2024 மே 26 அதிகாலையில் டெகாட்டரையும் ரோஜர்ஸையும் சுழற்காற்று தாக்கியபோது பாதி ஊர் தூக்கத்தில் இருந்தது. இரவில் போனை சைலண்ட்டில் போட்டாலும் அவசர எச்சரிக்கை ஒலியை அணைக்காதீர்கள். மூன்றாவது மாடியில் குடியிருந்தால், நடுராத்திரி கதவைத் தட்டினால் திறக்கும்படி கீழ்வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.